பூக்கட்டிப் போட்டு மாத்திரை கொடுக்கக் கூடாது: மருந்தியலோடு அறத்தையும் கொள்கையையும் சேர்த்து ஆராய்ச்சி செய்வது எப்படி

எம்.பார்ம் (பார்மசி முதுநிலைப் பட்டம்) படிக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் வரும் சந்தேகம் எனக்கும் வந்தது. எலிக்கு டோஸ் கணக்குப் போடத் தெரிகிறது, ஒரு மருந்து ரத்தத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று வரைபடம் போடத் தெரிகிறது, ஆனால் அந்த மாத்திரையை விழுங்குகிற மனுஷியை ஒரு தடவை கூட நேரில் பார்த்ததில்லை. அவரிடம் யார் கேட்டார்கள், யார் விளக்கினார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்பதெல்லாம் வேறு துறைக்காரர் வேலை என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட மனசில்லாத ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்ம திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டை, பேட்டை, சேரன்மகாதேவி என்று எங்கேயாவது உட்கார்ந்து பிஎச்டிக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிற, பார்மசி படித்த பிள்ளைகள் மனதில் இருக்கிறார்கள். மற்றவர்களும் வாசிக்கலாம்.

முதலில் ஒரு விஷயம். மருந்து அறிவியல், மருத்துவ அறம், சுகாதாரக் கொள்கை என்று மூன்று பாடத்தையும் தனித்தனியாகப் படித்துக் கடைசியில் ஒட்டுப்போடலாம் என்று நினைக்காதீர்கள், ஒட்டாது. ஒரே ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு அது போகிற வழியெல்லாம் பின்னாலேயே போங்கள், மூன்றும் வழியில் தானாக வரும்.

எனக்கு வந்த வழி முக்கூடல் பக்கம். பீடி சுற்றுகிற ஒரு ஆச்சிக்குச் சர்க்கரை. காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லிக் கிளிமிபிரைடு கொடுத்திருக்கிறார்கள். ஆச்சியும் ஆறரைக்கு எழுந்து, சொன்ன பேச்சுத் தட்டாமல் போட்டுவிடுகிறார். ஆனால் சாப்பாடு? முந்தின நாள் சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டாக அடுக்கி, கடையில் கொண்டுபோய்க் கணக்குக் கொடுத்து, மறுநாளைக்கான இலையும் தூளும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால்தான் சாப்பாடு, அதற்குப் பதினொன்று ஆகிவிடும். பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டிக் கை நடுங்குவதை ஆச்சி இத்தனை நாளும் பித்தம் என்று நினைத்திருந்தார். கிளிமிபிரைடு சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை, அது நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளிவிடும். மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையைத் தனியாகப் போட்டால் இப்படிச் சர்க்கரை இறங்குவது அபூர்வம். இதுவரைக்கும் மருந்தியல். "சாப்பாட்டுக்கு முன்னால்" என்று சொன்னவர் "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருக்க வேண்டாமா, அது அறம். எந்த மாத்திரையை அரசு வாங்குகிறது, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற பெண்ணுக்கு என்ன சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள், அது கொள்கை. ஒரு ஆச்சி, ஒரு மாத்திரை, மூன்று துறை.

ஆகவே தலைப்புத் தேடுகிறவர்கள் நூலகத்தில் தொடங்க வேண்டாம். ஒரு மருந்துக்கடையில் இரண்டு நாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிகள் வருகிற நாளில் ஒரு காலை, இது போதும். என்ன மாத்திரை என்று கேட்காதீர்கள், எப்படிப் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். பாதியாக உடைத்துப் போடுகிறவர் இருப்பார், வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் நிறுத்திவிடுகிறவர் இருப்பார், பக்கத்து வீட்டு மதினிக்கு நன்றாகக் கேட்கிறது என்று அதையே வாங்கிப் போடுகிறவரும் இருப்பார். மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையை விழுங்கக் கஷ்டம் என்று அம்மியில் பொடித்துச் சாப்பிட்ட ஒரு தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரையை அப்படிச் செய்தவர்கள் கேட்டால் அழுதுவிடுவார்கள்.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பி.பார்ம் முடித்தவர்கள் ஜிபேட் நுழைவுத் தேர்வு எழுதுங்கள், தேறி எம்.பார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பார்ம்.டி ஆறு வருஷம் முடித்தவர்களுக்கு வார்டு பழக்கம் இருப்பதால் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அவர்கள் ஒரு படி முன்னால்தான் நிற்கிறார்கள். கொள்கைப் பக்கம் பொதுச் சுகாதாரத்தில் எம்பிஎச் படிக்க நினைத்தால் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இருக்கிறது, நம்ம ஊருக்குச் சென்னையை விட அதுதான் பக்கம். கையில் காசில்லை என்றால் சென்னையில் உள்ள ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளம் வழியாக நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தில் சேருங்கள், பாடம் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். வழிகாட்டி மட்டும் இரண்டு பேர் வேண்டும். மருந்தியல் ஆள் ஒருவர், சமூக மருத்துவத் துறையிலிருந்து ஒருவர். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்களா என்று சேருவதற்கு முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், சொல்லிவிட்டேன்.

அப்புறம் வாசிப்பு. அறம் என்றதும் நியூரம்பெர்க் 1947, ஹெல்சிங்கி 1964, பெல்மான்ட் 1979 என்று மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான நெறிமுறை ஆவணங்களின் வருஷத்தை மனப்பாடம் செய்து தேர்வில் கக்கிவிட்டு மறந்துவிடுகிறோம். நான் சொல்வது, நம்ம பக்கத்தில் நடந்த இரண்டை மட்டும் ஆழமாக வாசியுங்கள்.

ஒன்று, நம்ம மலையிலேயே நடந்தது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பக்கம் காணிக்காரப் பழங்குடியினர் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுடைய உறவுமுறை அகத்தியமலைக்கு அந்தப்புறம் கேரளத்திலும் இருக்கிறது. 1987 டிசம்பரில் அங்கே தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் மலையேறிய விஞ்ஞானிகள் மூச்சு வாங்கி நின்றபோது, வழிகாட்டிப் போன காணிக்காரர்கள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுவிட்டுச் சளைக்காமல் நடந்திருக்கிறார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து தயாராகி, 1995-இல் கோயம்புத்தூரில் உள்ள ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தார்கள். பத்து லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம், அதன் மேல் விற்பனையில் 2 சதவீதம், இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு. உலகமே பாராட்டியது, இன்றைக்கும் பலன் பகிர்வுக்கு இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் கொஞ்சம் உள்ளே போனால் கதை மாறும். செடியைக் காட்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், அறிவோ பரம்பரை பரம்பரையாக முழுச் சமூகத்துக்கும் சொந்தமானது, யாரிடம் சம்மதம் கேட்பது? பணம் வாங்குவதற்கான அறக்கட்டளையே 1997-இல்தான் பதிவானது, உரிமம் கொடுத்து இரண்டு வருஷம் கழித்து. அதோடு, காட்டில் செடியைப் பறிக்க வனத்துறை தடை போட்டது. அறிவியல் ஜெயித்து, அறத்துக்கும் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்து, கடைசியில் கொள்கையில் போய் மாட்டிக்கொண்டது. 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் வந்ததை இந்தக் கதையோடு சேர்த்து வாசித்தால்தான் அந்தச் சட்டத்தின் வரிகளுக்கு உயிர் வரும். சித்த மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் மலைக்குப் போய் மூலிகை விவரம் சேகரித்துக்கொண்டு வருகிறார்களே, அவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

இன்னொன்று 2009-இல் ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வடோதரா மாவட்டங்களில் பத்திலிருந்து பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட திட்டம். தடுப்பூசி நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, திட்டம் நடந்தபோது சில சிறுமிகள் இறந்ததற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணையும் சொன்னது. ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள், 2013-இல் நாடாளுமன்றக் குழு காய்ச்சி எடுத்தது. ஒரு கையெழுத்தில் காட்டிய அலட்சியம், நல்ல ஊசிக்கு நாட்டில் பல வருஷம் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தது.

கையெழுத்துக்கு வந்துவிட்டோம். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இந்த இடத்தை வாசியுங்கள்.

எம்.பார்மில் எனக்குக் கொடுத்த வேலை, மெட்ஃபார்மின் சாதாரண மாத்திரை, மெதுவாகக் கரையும் மாத்திரை இரண்டில் நம்ம ஊர்ப் பெண்களுக்கு எதில் வயிற்றுக் கோளாறு குறைவு என்று ஒப்பிடுவது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் எண் போட்டுத் தீர்மானிக்கும். சுய ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் எழுதி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தமிழாக்கினேன். "நீங்கள் சீரற்ற முறையில் ஒரு குழுவில் ஒதுக்கப்படுவீர்கள்" என்று வந்தது. நானும் கவனிக்காமல் அச்சடித்துவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியபோது, மடியில் சுளகை வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து, "எங்கள எதுக்கு ஒதுக்கணும்? நாங்க என்ன செஞ்சோம்?" என்றார். நியாயம்தானே, ஊரில் ஒதுக்கிவைப்பது என்றால் அர்த்தமே வேறு.

சரி, பேச்சிலேயே விளக்கிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஆச்சியே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார். "அப்ப பூக்கட்டிப் பாத்துத்தான் மாத்திரை குடுப்பீயளோ?" எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயிலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூவை மடித்துக் கட்டிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோமே, இதைவிட நல்ல உவமை எங்கே கிடைக்கும்? "ஆமா ஆச்சி, அதேதான்" என்றேன். அடுத்த மூன்று வாரமும் எல்லோரிடமும் பூக்கட்டியே விளக்கினேன். ஒருத்தர் கூட மறுக்கவில்லை, பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம் வேறொரு சித்தி கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கு எது வருதோ அதுதான எனக்குச் சேரும், அம்மன் தப்பாவா குடுப்பா?" அன்றைக்குச் சேரன்மகாதேவி தாண்டிப் பஸ் வரும்போதுதான் உறைத்தது. பூக்கட்டிப் பார்ப்பது குலுக்கல் இல்லை. நமக்கு எது நல்லது என்று சாமியிடம் கேட்பது. நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், எது நல்லது என்று எங்களுக்கே தெரியாது என்கிற ஒரே உண்மையை மறைத்து, உங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று அம்மன் பெயரில் உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். ஆராய்ச்சியைச் சிகிச்சை என்று நம்பிவிடுகிற இந்தக் குழப்பத்துக்கு 1982-இல் பால் ஆப்பல்பாம் என்ற மனநல மருத்துவரும் கூட இருந்தவர்களும் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். தேர்வில் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.

மறுபடி எல்லோர் வீட்டுக்கும் போனேன். இந்தத் தடவை சீட்டு. "சீட்டுப் பிடிக்கிறோம்லா, குலுக்கையில யாருக்குத் தேவைன்னு பாத்தா விழுது? அது மாதிரித்தான். எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாது, தெரிஞ்சிக்கத்தான் இந்த வேல." ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வழிகாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் படிவத்தில் அந்த இரண்டு மறுப்புகளையும் பார்த்த பிறகுதான் மற்ற கையெழுத்துகள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இதிலிருந்து செய்முறையாகச் சொன்னால்: படிவத்தை முதலிலேயே தமிழில் எழுதுங்கள், அதுவும் திண்ணைத் தமிழில். "தன்னார்வத்தின் பேரில்" என்று எழுதாமல் "உங்களுக்கு இஷ்டம் இருந்தால் மட்டும்" என்று எழுதுங்கள். எழுதியதை இந்த ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னால் ஓட்டை எல்லாம் தெரிந்துவிடும். வாசித்துக் காட்டிய பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், நம்ம ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் "ஆமா"தான். "இத உங்க வீட்டுக்காரர்ட்ட எப்படிச் சொல்லுவீய?" என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும், அந்தச் சாட்சி பீடிக்கடைக் கணக்கரோ மாத்திரை கொண்டுவருகிற பெண்ணோ ஆகாது, அவர்கள் முன்னால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். இன்னொன்று, கூலி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவரை ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் அது அவர் கைக்காசு. இழந்த கூலியையும் பஸ் காசையும் திருப்பிக் கொடுப்பதை ஐசிஎம்ஆர் நெறிமுறைகளே அனுமதிக்கின்றன, ஆசை காட்டி இழுக்கிற அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பட்ஜெட்டில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

ஆய்வுக்கு அனுமதி கொடுக்கிற எத்திக்ஸ் கமிட்டியை (அறநெறிக் குழு) கண்டு பயப்பட வேண்டாம், அதே நேரம் ரப்பர் ஸ்டாம்ப் என்றும் நினைக்க வேண்டாம். ஐசிஎம்ஆர் 2017 நெறிமுறைகள் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதை வாசிக்காமல் விண்ணப்பம் எழுதாதீர்கள். 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி கமிட்டியில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேர் வெளியாட்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், துறை சாராத சாதாரண மனிதர் ஒருவரும் இருப்பார். நான் அந்தச் சாதாரண மனிதருக்காகத்தான் எழுதுவேன். பேராசிரியர்கள் புள்ளியியலில் கேட்பதற்குப் பதில் தயாராக இருக்கும், "இதுனால அந்தம்மாவுக்கு என்ன லாபம்?" என்று அவர் கேட்பதற்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆபத்து மிகக் குறைவான ஆய்வுகளுக்குத் துரிதப் பரிசீலனை உண்டு. ஆனால் அனுமதி வருவதற்கு முன்னால் ஒருவரிடம் கூடத் தகவல் வாங்கக் கூடாது. மருந்தை ஒப்பிடுகிற ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டுத் தளத்திலும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்னால் பதிந்துவிடுங்கள், 2018 ஏப்ரலிலிருந்து பின்னால் போய்ப் பதிகிற வேலை நடக்காது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆய்வை முடித்துவிட்டுக் கமிட்டிக்கு விண்ணப்பித்த பையன் ஒருவன், ஒன்றரை வருஷ வேலையைக் குப்பையில் போட்டான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

இனி கொள்கை. இங்கே நம்ம ஆட்கள் இரண்டு தப்பு செய்கிறார்கள். ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் "அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது ஒன்று. எந்த அரசு, எந்த மேசை? இன்னொன்று, விஞ்ஞானம் தெளிவாக இருந்தால் கொள்கை தானாக வந்துவிடும் என்று நம்புவது. வராது. டைஎதிலீன் கிளைக்கால் என்ற ரசாயனக் கரைப்பான் விஷம் என்பது 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று தெரிந்த விஷயம், அடுத்த வருஷமே அங்கே சட்டம் வந்தது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே சாமான் 48.6 சதவீதம் இருந்ததை நம்ம மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது, அதற்குள் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்துபோயிருந்தார்கள். வேதியியலில் புதிதாகக் கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. மூலப்பொருளை யார் சோதித்தார்கள், ஆய்வாளர் கடைசியாக எப்போது வந்தார், இந்தக் கேள்விகளுக்குள் போகிற மருந்தியல் ஆள் நமக்கு வேண்டும்.

மேசையைக் கண்டுபிடிக்க ஒரு வழி, மாத்திரை வந்த பாதையில் திரும்பிப் போவது. தமிழ்நாட்டில் அரசு மருந்தைப் பெரும்பாலும் 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி, மாவட்டக் கிடங்கு வழியாக அனுப்புகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்க் மாதிரி ஒரு பாஸ்புக் உண்டு, எடுக்க எடுக்கக் கழியும். நாட்டிலேயே மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு. எந்த மருந்து பட்டியலில் இருக்கிறது, அது 2022-இன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள 384-இல் ஒன்றா என்று பாருங்கள். கிடைக்காத விவரத்துக்குப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேட்கிற கேள்வி ஒற்றையாக இருக்கட்டும், பதினேழு கேள்வி கேட்டால் பதினேழுக்கும் மழுப்புவார்கள். பக்க விளைவு எதையாவது பார்த்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதியுங்கள், நோயாளியே நிரப்புகிற படிவம் தமிழிலும் இருக்கிறது. மாணவராக நீங்கள் கொள்கைக்குச் செய்கிற முதல் வேலையாக இதுவே இருக்கலாம்.

அப்புறம் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். ஆய்வறிக்கையின் சுருக்கம் இல்லை, அது வேறு. முதல் பத்தியில் என்ன மாற்ற வேண்டும், இரண்டாவதில் அதற்கு எவ்வளவு செலவு, மூன்றாவதில் மாற்றாவிட்டால் என்ன நடக்கும், அவ்வளவுதான். எங்கள் குறிப்பில் கேட்டது மருந்தை மாற்றச் சொல்லி இல்லை. மாத்திரை கொடுக்கும்போது "காலையில எத்தன மணிக்குச் சாப்பிடுவீய?" என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னோம், செலவு ஒரு ரூபாய் கூட இல்லை. இப்படிச் சின்னதாகக் கேட்டால்தான் அந்த மேசையில் இருக்கிறவர் நிமிர்ந்து பார்க்கிறார். இன்னும் பதில் வரவில்லை, இரண்டு தடவை நினைவூட்டிக் கடிதம் போட்டாயிற்று.

கடைசி வேலை, எல்லோரும் மறப்பது: முடிவைத் தகவல் தந்தவர்களிடம் திருப்பிச் சொல்வது. ஒரே பக்கம், பெரிய எழுத்து. நான் அதை எடுத்துக்கொண்டு முக்கூடலுக்குப் போய் அதே திண்ணையில் வாசித்தேன். ஆச்சி சுற்றுவதை நிறுத்தாமல் முழுக்கக் கேட்டார். சாப்பிட்ட பிறகு மாத்திரை போடச் சொல்லி டாக்டரே இப்போது நேரம் மாற்றிக் கொடுத்திருந்தார், பத்து மணி நடுக்கம் இல்லை. பிறகு கேட்டார்: "ஏளா, இத மாத்திர கொண்டு வார பிள்ளைட்ட குடுத்தியா?"

கொடுக்கவில்லை. பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன், துறைக்கு அனுப்பியிருந்தேன், கமிட்டிக்கு அனுப்பியிருந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை திறந்திருந்தது, இருபது காப்பி எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.